மகரந்தக் காலமும் திறந்தவெளி வேலையும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

புல்லும் மரமும் பூக்கும் மாதங்களில் தும்மலோடும் கண் எரிச்சலோடும் வேலைக்குப் போகிறவர்களிடமிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியிருப்பவர்கள் அனைவரும் வெயிலிலும் காற்றிலும் நின்று உழைப்பவர்கள், அல்லது அத்தகையவர்களிடம் வேலை வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள். வீட்டுக்குள்ளேயே இருங்கள், சன்னல்களைச் சாத்தி வையுங்கள் என்ற வழக்கமான அறிவுரையால் இவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை என்பதை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர், நான் பூங்காக்களையும் சாலையோர மரங்களையும் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் எனக்குத் தும்மலும் மூக்கொழுகலும் தொடங்கி இரண்டு மாதம் வரை நீடிக்கின்றன. சளி என்று சிலரும், தூசி என்று சிலரும் சொல்கிறார்கள். தொடக்கத்தில் சமாளிக்க முடிகிறது. பருவம் முடியும் தறுவாயில் சிறிது நேரம் வெளியே நின்றாலே தாங்க முடிவதில்லை. இது ஒவ்வாமைதானா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் பருவகால ஒவ்வாமையைத்தான் காட்டுகின்றன. வைரஸ் கிருமியால் வரும் சளி பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும்; காய்ச்சலும் உடல்வலியும் அதனுடன் சேர்ந்து வரலாம்; மூக்குச்சளி போகப்போகக் கெட்டியாகும். ஒவ்வாமையில் காய்ச்சல் இருக்காது. மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடியும், தும்மல் அடுக்கடுக்காக வரும், எல்லாவற்றுக்கும் மேலாக மூக்கு, கண், மேலண்ணம், காதின் உட்பகுதி ஆகியவை அரிக்கும். அந்த அரிப்பைத்தான் நான் முதலில் விசாரிப்பேன். ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில் திரும்பி வருவது இன்னொரு வலுவான அடையாளம்.

காரணம் பெரும்பாலும் காற்றின் வழியே மகரந்தச் சேர்க்கை நடத்தும் தாவரங்கள்: புல் வகைகள், சில மரங்கள், சில களைகள். கண்ணைக் கவரும் வண்ணப் பூக்களின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை உடையது. பூச்சிகள் சுமந்து செல்வதற்காக அமைந்த அது காற்றில் அதிகம் மிதப்பதில்லை. ஆகவே பூச்செடிகளைக் குற்றம் சொல்லிக்கொண்டு, கண்ணுக்கே தெரியாமல் பூத்திருக்கும் புல்லின் நடுவில் நாள் முழுவதும் நிற்பவர்கள் ஏராளம். 1873ஆம் ஆண்டில் சார்லஸ் பிளாக்லி என்ற ஆங்கில மருத்துவர், தானே இந்த நோயால் அவதிப்பட்டவர், புல் மகரந்தமே காரணம் என்பதைத் தன் உடலிலேயே சோதித்து எழுதினார். பசை தடவிய கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, உயரத்திலும் மகரந்தம் மிதப்பதை அவர் கண்டார். காற்று அதைத் தொலைதூரம் கொண்டு செல்லும் என்பதால், பக்கத்தில் நிற்கும் ஒரு மரத்தை வெட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம்.

பருவம் முடியும்போது நிலைமை மோசமாவது உங்கள் கற்பனையோ உடல் பலவீனமோ அல்ல. மகரந்தத்தை எதிரியாகத் தவறாக அடையாளம் கண்டுகொண்ட உடல், ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உருவாக்கி மாஸ்ட் செல்கள் எனப்படும் எதிர்ப்புச் செல்களின் மேல் பொருத்தி வைத்திருக்கிறது. மகரந்தம் பட்டவுடன் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியேற்ற, சில நிமிடங்களில் தும்மலும் நீரொழுக்கும் தொடங்குகின்றன. அத்துடன் நின்றுவிடுவதில்லை. நான்கிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வேறு அழற்சிச் செல்கள் மூக்கின் சவ்வுக்குள் வந்து குவிவதால் இரண்டாவது அலை எழுகிறது. பகலில் வெளியில் வேலை செய்தவருக்கு இரவில் படுக்கையில் மூக்கு அடைத்துக்கொள்வது இதனால்தான். இப்படி நாள்தோறும் அழற்சி சேரச் சேர, மூக்கு முன்பைவிடக் குறைந்த அளவு மகரந்தத்துக்கே பொங்கியெழுகிறது. ஆகவே அழற்சியைக் குவியவிடாமல் தடுப்பதுதான் சிகிச்சையின் நோக்கமாக இருக்க வேண்டும். தாங்க முடியாத நாளில் மட்டும் ஒரு மாத்திரை விழுங்கும் பழக்கம் அந்த நோக்கத்துக்கு உதவாது.

எந்தத் தாவரம் என்று உறுதியாக அறியத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை உண்டு. பதினைந்து இருபது நிமிடங்களில் விடை தெரிந்துவிடும். சோதனைக்கு முந்தைய ஒரு வாரம் வரை, ஹிஸ்டமினைத் தடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதால், மருத்துவரிடம் நாள் குறித்துக்கொண்டு செல்லுங்கள். அதுவரை ஒரு குறிப்பேட்டில் தேதி, அன்று செய்த வேலை, பக்கத்தில் பூத்திருந்த தாவரம், தொல்லை தொடங்கிய நேரம் ஆகியவற்றை எழுதி வாருங்கள். விடுமுறை நாட்களில் முற்றிலும் நலமாகி, சிமெண்ட், மரத்தூள், தானியத் தூசு போன்றவற்றின் அருகில் மட்டும் தொல்லை வந்தால், காரணம் பருவத்தில் இல்லாமல் பணியிடத்தில் இருக்கலாம். அப்போது சிகிச்சையின் திசையே மாறும்.

கேள்வி: நான் உயரத்தில் ஏறிக் கம்பி இணைப்பு வேலை செய்கிறேன். மருந்துக்கடையில் வாங்கும் அலர்ஜி மாத்திரை தும்மலை நிறுத்துகிறது. ஆனால் தலை கனத்துப் போகிறது. பாதி மாத்திரை போட்டால் போதுமா?

பதில்: தயவுசெய்து பாதி மாத்திரையும் வேண்டாம். நீங்கள் வாங்குவது எந்த மருந்து என்று எழுதவில்லை. அறிகுறியைப் பார்த்தால் குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற முதல் தலைமுறை ஆன்டிஹிஸ்டமினாக இருக்க வேண்டும். இவை மூளைக்குள் எளிதில் நுழைந்து, நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றன. தூக்கம் வருவதாக உணராதவருக்கும் கவனமும் கை வேகமும் குறைகின்றன என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. தனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நம்பிக்கொண்டு ஏணியில் ஏறுகிறார். கால் வைக்கும் இடத்தைக் கணிப்பதில் தவறிவிடுகிறார். இரவில் போட்ட மாத்திரையின் தாக்கம் மறுநாள் காலை வரை நீடிக்கக்கூடும் என்பதால், இரவில் மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்பதும் தப்பிக்கும் வழி ஆகாது.

வெயிலில் வேலை செய்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்தப் பழைய மருந்துகள் வியர்வையைக் குறைக்கும். வியர்வை குறைந்தால் உடல் தன் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியாமல் வெப்பத் தாக்குதலுக்கு ஆளாகும் வாய்ப்பு கூடுகிறது. புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வதும் நடக்கிறது. சளிக்கும் காய்ச்சலுக்கும் என்று விற்கப்படும் கூட்டு மாத்திரைகளிலும் குளோர்பெனிரமின் அடிக்கடி கலந்திருக்கும். அத்துடன் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடிய மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்திருக்கலாம். அட்டையின் பின்புறத்தில் உள்ள சேர்மானங்களைப் படித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

உங்கள் வேலைக்கு ஏற்றவை இரண்டாம் தலைமுறை மருந்துகள். அவற்றுள்ளும் வேறுபாடு உண்டு: செட்டிரிசின் சிலருக்குத் தூக்கத்தைத் தரும், லோரட்டடின் பரிந்துரைத்த அளவில் அரிதாகவே தரும், ஃபெக்ஸோஃபெனடின் மூளைக்குள் ஏறக்குறைய நுழைவதே இல்லை என்பதால், உயரத்தில் ஏறுபவர்களுக்கும் வாகனமும் இயந்திரமும் ஓட்டுபவர்களுக்கும் அதையே முதலில் பரிசீலிப்பேன். ஃபெக்ஸோஃபெனடினைத் தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள், பம்ப்ளிமாஸ் போன்ற பழச்சாறுகள் அது உடலில் சேர்வதைக் கணிசமாகக் குறைத்துவிடும். எந்தப் புது மருந்தானாலும் முதல் மாத்திரையை விடுமுறை நாளில் போட்டு, உடல் எப்படி ஏற்கிறது என்று பார்த்துக்கொண்ட பிறகே ஏணியில் கால் வையுங்கள். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தினமும் வேறு மருந்துகள் எடுப்பவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

கேள்வி: மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து விட்டால் உடனே திறந்துவிடுகிறது. இப்போது நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை விடாவிட்டால் மூச்சு விட முடிவதில்லை. மருத்துவர் தந்த ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை மூன்று நாள் அடித்துப் பார்த்தேன், ஒரு பயனும் இல்லை; ஸ்டீராய்டு என்ற பெயரே அச்சமாகவும் இருக்கிறது.

பதில்: நீங்கள் கைவிட்ட மருந்தே உங்களுக்கு நன்மை செய்யக்கூடியது, விடாமல் பற்றிக்கொண்டிருப்பதுதான் இப்போது உங்கள் மூக்கை அடைக்கிறது. ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் போன்ற சொட்டுகள் மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பை நீக்குகின்றன. மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணிந்தவுடன் குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கத் தொடங்கும். அந்த வீக்கத்துக்கு மீண்டும் சொட்டு, மீண்டும் வீக்கம் என்று அது வளர்ந்துகொண்டே போகும். ஒரே நாளில் நிறுத்த முடியாவிட்டால், முதலில் ஒரு பக்க மூக்கில் மட்டும் நிறுத்தி, அது தேறிய பிறகு மறுபக்கம் நிறுத்தும் முறை பலருக்குக் கைகொடுக்கிறது. அந்த இடைக்காலத்தில் மூக்கைத் தாங்கி நிறுத்துவதும் நீங்கள் ஒதுக்கி வைத்த ஸ்ப்ரேதான்.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டைப் போன்றதல்ல. அளவு மிகச் சிறியது. புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை இரத்தத்தில் மிகச் சொற்பமாகவே சேர்கின்றன. தொடர்ந்து தொல்லை தரும் மூக்கு ஒவ்வாமைக்கு, குறிப்பாக அடைப்புக்கு, இவற்றைவிட வலுவான மருந்து வேறில்லை. ஆனால் முழுப்பயன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். மூன்று நாளில் தீர்ப்பு எழுதியதால்தான் ஏமாந்தீர்கள். இன்ன மாதத்தில் தொல்லை தொடங்கும் என்று அறிந்தவர்கள், அதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பாகவே தொடங்கிப் பருவம் முடியும் வரை தினமும் அடிப்பதே முறை.

அடிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் தலையை அண்ணாந்து நடுவில் அடித்துவிட்டு பலமாக உறிஞ்சுகிறார்கள். மருந்து தொண்டைக்குப் போய்விடுகிறது. தலையைச் சற்று முன்னால் குனிந்துகொள்ளுங்கள். வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடித்தால், குழாயின் முனை இயல்பாகவே வெளிப்பக்கச் சுவரை நோக்கி நிற்கும். நடுச்சுவரில் திரும்பத் திரும்பப் பட்டால் இரத்தம் கசியும். அடித்த பின் மென்மையாக மூச்சை இழுத்தால் போதும்.

கேள்வி: நான் இயந்திரத்தால் புல் வெட்டுகிறேன். முகக்கவசம் உண்மையில் உதவுமா? வேலை நேரத்தை மாற்றினால் பயன் உண்டா?

பதில்: இரண்டுமே உதவும். புல்லின் மகரந்தத்துகள் சுமார் 30 முதல் 40 மைக்ரான் அளவுள்ளது. என்95 முகக்கவசம் 0.3 மைக்ரான் அளவிலான துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும் என்று சான்றளிக்கப்பட்டது. ஆகவே மகரந்தத்தை நிறுத்துவது அதற்குக் கடினமான வேலையே அல்ல. இடைவெளி இல்லாமல் முகத்தோடு பொருந்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. அடர்ந்த தாடியின் மேல் அது பொருந்தாது. கடும் வெயிலில் பளுவேலை செய்யும்போது அதை அணிந்துகொண்டு மூச்சு வாங்கினால், நிழலில் நின்று கழற்றி ஓய்வெடுங்கள். சாதாரண அறுவை முகக்கவசமும் ஓரளவு காப்பளிக்கும், ஒன்றும் இல்லாததைவிட அது மேல். வியர்வையில் நனைந்ததைத் தொடர்ந்து அணியாமல் மாற்றுக் கவசம் எடுத்துச் செல்லுங்கள். கண்ணுக்குப் பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி வேண்டும். மூக்குத் துளையின் விளிம்பில் மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுவதும் சிலருக்கு நிவாரணம் தருகிறது. பார்த்தீனியம் போன்ற களைகளைப் பிடுங்குபவர்கள் கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் இறங்கக் கூடாது, அவற்றால் மூக்கோடு தோலும் பாதிக்கப்படும்.

நேரத்தைப் பொறுத்தவரை, காற்று உலர்ந்து வேகமாக வீசும் நாட்களே மோசமானவை. நிதானமான மழை பெய்து ஓய்ந்த பின் காற்று சற்றுத் தெளிந்திருக்கும். ஒரு நாளின் உச்ச நேரம் தாவரத்துக்குத் தாவரம், இடத்துக்கு இடம் மாறுவதால், எல்லோருக்கும் பொருந்தும் ஒரு மணிக்கணக்கைச் சொல்வதைவிட, உங்கள் குறிப்பேட்டையும் உங்கள் பகுதிக்கு மகரந்த அறிவிப்பு வெளியாகிறது என்றால் அதையும் நம்புங்கள்.

வேலை முடிந்த பிறகு செய்வதை நான் முகக்கவசத்துக்கு இணையாக மதிக்கிறேன். முடியிலும் புருவத்திலும் உடையிலும் ஒட்டிய மகரந்தத்தோடு படுத்தால், இரவு முழுவதும் அதையே சுவாசிப்பீர்கள். வேலை உடையைப் படுக்கையறைக்கு வெளியிலேயே கழற்றி, தலைக்குக் குளியுங்கள். துவைத்த துணியை அந்த மாதங்களில் வெளியில் காய வைக்காதிருப்பது நல்லது. பிறகு உப்புநீரால் மூக்கைக் கழுவலாம்: ஒரு லிட்டர் நீருக்கு ஒன்பது கிராம், அயோடின் சேர்க்காத உப்பு. நீரை ஒரு நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட்டு ஆற்றியிருக்க வேண்டும், அல்லது காய்ச்சி வடித்த நீராக இருக்க வேண்டும். குழாய் நீரை நேரடியாகப் பயன்படுத்தியதால், மூளையைத் தாக்கும் நெக்லேரியா என்ற அமீபா மூக்கின் வழியே புகுந்து மரணங்கள் நேர்ந்திருக்கின்றன. அரிதானதுதான், ஆனால் தவிர்க்கக்கூடியது. மூக்கைக் கழுவிய பின் ஸ்ப்ரேயை அடித்தால் மருந்து சவ்வில் நன்றாகப் படியும். கண் அரித்தால் தேய்க்காதீர்கள். நெடுநாள் தேய்ப்பது கருவிழியின் வடிவத்தையே கெடுக்கலாம். குளிர்ந்த நீரில் நனைத்த துணியும், ஓலோபட்டடின் போன்ற கண் சொட்டும் போதுமானவை.

கேள்வி: என் கணவர் வயல்வெளியில் வேலை செய்கிறார். தும்மல் பல ஆண்டுகளாக உண்டு. இந்தப் பருவத்தில் இரவில் இருமலும் நெஞ்சில் விசில் போன்ற ஒலியும் கேட்கின்றன. தும்மலின் தொடர்ச்சிதான், தானே போய்விடும் என்கிறார்.

பதில்: அம்மா, அவரை இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மூக்கும் நுரையீரலும் ஒரே மூச்சுப்பாதை. மூக்கு ஒவ்வாமை உள்ள பலருக்கு ஆஸ்துமாவும் இருக்கிறது, அதைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள். ஊதிப் பார்க்கும் எளிய சோதனையில் தெரிந்துவிடும். ஆஸ்துமா என்று உறுதியானால், அடைப்பை உடனே திறக்கும் இன்ஹேலரை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளக் கூடாது. 2019 முதல் ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுதல், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலரையே வலியுறுத்துகிறது.

இடி மழையின்போது அவர் வெளியில் இருக்கக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள். 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், புல் பூக்கும் பருவத்தில் இடியுடன் வந்த புயற்காற்றை அடுத்து ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். சாதாரணமாக மூக்கிலேயே தங்கிவிடும் பெரிய மகரந்தத்துகள் ஈரத்தில் வெடித்து, நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்துகள்களாகச் சிதறியதே காரணம் என்று விளக்கப்படுகிறது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் அதுவரை ஆஸ்துமா நோயாளிகளாக அறியப்படாதவர்கள். தும்மல் மட்டுமே இருந்தவர்கள். வானம் கறுத்துக் குளிர்ந்த காற்று வீசத் தொடங்கும்போதே, மழைத்துளி விழும் முன், அவர் கூரைக்குள் வந்துவிட வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இன்ஹேலரால் தணியாவிட்டாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்லுங்கள்.

கேள்வி: ஆண்டுக்கு ஓர் ஊசி போட்டால் பருவம் முழுவதும் தொல்லை இராது என்று நண்பர் சொல்கிறார். நிரந்தரத் தீர்வு உண்டா?

பதில்: நண்பர் சொல்வது தசையில் போடும் நீண்டகால ஸ்டீராய்டு ஊசியாக இருக்கலாம். அறிகுறிகளை அது அடக்கும் என்பது உண்மை. ஆனால் சர்க்கரையை உயர்த்தும், ஆண்டுதோறும் போட்டால் எலும்பைத் தேய்க்கும், அட்ரினல் சுரப்பியின் இயல்பான வேலையை மந்தமாக்கும். மேற்சொன்ன வழிகள் இருக்கும்போது நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒவ்வாமையின் வேரைத் தொடுவது இம்யூனோதெரபி. எந்த மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து உடலைப் பழக்கும் இந்த முறையை, 1911இல் லண்டன் மருத்துவர் லெனர்டு நூன் வெளியிட்டார். ஊசியாகவும், சில மகரந்தங்களுக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. புல் மாத்திரையைப் பருவத்துக்கு மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்க வேண்டும். முதல் மாத்திரையை மருத்துவர் முன்னிலையில் எடுக்க வேண்டும். ஊசி போட்ட ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் மருத்துவமனையில் காத்திருக்க வேண்டும், கடும் எதிர்வினை வந்தால் அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் வரும். கட்டுப்படாத ஆஸ்துமா இருந்தால் தொடங்கக் கூடாது. மூன்று ஆண்டுகளாவது தொடர வேண்டும். தொழிலை மாற்ற முடியாதவருக்கு, அந்த மூன்று ஆண்டுகள் செலவிடத் தக்கவை என்பது என் கருத்து.

கேள்வி: என் கீழ் இருபது பேர் வெளிப்புற வேலை செய்கிறார்கள். அவர்களில் சிலர் இந்த மாதங்களில் அடிக்கடி விடுப்பு எடுக்கிறார்கள். மேற்பார்வையாளராக நான் என்ன செய்யலாம்?

பதில்: இப்படிக் கேட்டு எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. புல்லைப் பூ விடும் முன்பே வெட்டும்படி அட்டவணையை அமைத்தால், வெட்டுபவருக்கு மட்டுமல்லாமல் அங்கு வரும் எல்லோருக்கும் மகரந்தம் குறையும். வடிகட்டியுள்ள மூடிய அறை கொண்ட இயந்திரம் இருந்தால், ஒவ்வாமை உள்ளவரை அதில் அமர்த்துங்கள். வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுங்கள். உலர்ந்த காற்று வீசும் நாட்களில் அவர்களுக்கு வேறு பணியை ஒதுக்குங்கள். முகம் கழுவ நீரும், உடை மாற்ற ஓர் இடமும், மாற்று முகக்கவசங்களும் கொடுங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு ஒருவர் எடுக்கும் விடுப்பின் இழப்பைவிடக் குறைவாகவே இருக்கும். தூக்கம் தரும் மாத்திரை போட்டிருக்கிறேன் என்று ஒருவர் தயங்காமல் உங்களிடம் சொல்ல முடிய வேண்டும். சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்று அஞ்சினால், அவர் மறைத்துக்கொண்டு இயந்திரத்தை இயக்குவார். அன்று அவருக்குத் தரையில் நின்று செய்யும் வேலையைக் கொடுத்து, தூக்கம் தராத மருந்துக்கு மாற்றிக்கொள்ள மருத்துவரிடம் அனுப்பி வையுங்கள்.